தோல் துருத்தியில் பிறந்த கார்பரேட்டர்

லண்டனில் லில்லி அண்ட் ஸ்கின்னர் என்றால் அந்தக் காலத்தில் செருப்பும் பூட்ஸும் வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர், 1872-இல் பிறந்தவர். தோல் வியாபாரத்தில் செழித்த வீட்டில் வளர்ந்தவருக்கு மோட்டார் வண்டிமேல் பித்துப் பிடித்தது. 1904-இல் அவர் தோலில் ஒரு பொருள் செய்தார். காரின் எஞ்சினில் மாட்டுவதற்கான பொருள் அது. பின்னாளில் எஸ்.யூ. கார்பரேட்டர் என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கி, நம் ஊர் அம்பாசிடர் வரைக்கும் வந்து சேர்ந்தது.

கார்பரேட்டரில் தோலுக்கு என்ன வேலை? அதற்கு அன்றைய எஞ்சின்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

பெட்ரோல் சிலிண்டருக்குள் ஒழுங்காக எரிய வேண்டுமானால் ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 கிராம் காற்று கலக்க வேண்டும். பெட்ரோல் கூடினால் கரும்புகை, குறைந்தால் திணறல். 1893-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் காற்றுப் பாதையின் நடுவில் ஒரு சிறு குழலை நிறுத்தி, ஓடுகிற காற்றே பெட்ரோலை உறிஞ்சித் தூவும்படி செய்தார். அதற்கு முன்னால் பெட்ரோல் தொட்டியின் மேல் காற்றை ஊதவிட்டு ஆவி பிடித்தார்கள், திரியில் நனைத்து ஆவி பிடித்தார்கள். மேபாக்கின் குழல் வந்த பிறகு இதெல்லாம் பழைய கதையாயிற்று. ஆனாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. காற்று போகும் தொண்டை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்? அகலமாக வைத்தால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது காற்றுக்கு வேகம் இருக்காது, பெட்ரோலை உறிஞ்சாது. குறுக்கி வைத்தால் மெதுவான ஓட்டத்துக்கு நல்லது, வேகமெடுக்கும்போது எஞ்சின் மூச்சு முட்டும். ஒரே தொண்டையை வைத்துக்கொண்டு இரண்டு வேலையும் செய்ய முடியாமல் ஆளுக்கொரு வழி தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்கின்னர் தொண்டையையே விரிந்து சுருங்கும்படி ஆக்கினார். தொண்டையின் மேலே ஒரு தோல் துருத்தி. துருத்தியின் அடியில் காற்றுப் பாதையை மறித்துத் தொங்கும் ஒரு கட்டை. அந்தக் கட்டையிலிருந்து கீழே நீண்டு பெட்ரோல் துளைக்குள் இறங்கும் ஊசி. எஞ்சின் காற்றை இழுக்கும்போது துருத்திக்குள் இருக்கும் காற்றும் இழுபட்டுத் துருத்தி சுருங்கும், கட்டை மேலே எழும். எவ்வளவு காற்று கேட்கிறதோ அவ்வளவு வழி திறக்கும். ஊசி நுனி நோக்கிக் கூராகப் போவதால், கட்டை எழ எழத் துளையைச் சுற்றியுள்ள இடைவெளி கூடி, காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோலும் வரும். மெதுவாக ஓடினாலும் விரட்டி ஓட்டினாலும் அந்தத் தொண்டையில் காற்றின் வேகம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். நம் ஊர்க் கொல்லன் துருத்தியை அமுக்கி உலைக்குக் காற்றை அனுப்புகிறான். ஸ்கின்னரின் துருத்தியை எஞ்சின் சுருக்கி, தனக்கான வழியைத் தானே திறந்துகொண்டது.

அந்தத் துருத்தியைத் தைத்தவர் அவருடைய மனைவி. அப்படி அவர் தைத்த துருத்தியோடு கூடிய ஒரு கார்பரேட்டர் 1934-இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப்பட்டது. கணவனின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஊசியும் நூலும் பிடித்த அந்த அம்மாளை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். துருத்தியில் ஒரு தையல் விட்டிருந்தாலும் காற்று கசிந்து கட்டை எழாது. என்னைக் கேட்டால் அந்தக் கண்டுபிடிப்பில் பாதி அவருடையது.

இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற இடம் ஒன்று உண்டு. எஞ்சினின் மற்ற பாகம் எதையாவது தோலால் செய்ய முடியுமா? பெட்ரோல் எஞ்சினில் வெடிக்கும் நேரத்தில் சிலிண்டருக்குள் வெப்பம் 2000 டிகிரியைத் தாண்டும், அழுத்தம் வெளிக்காற்றைப்போல் நாற்பது, ஐம்பது மடங்கு. பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் இவையெல்லாம் அந்த அடியை வாங்குகிறவை. நல்ல உலோகம், சரியான வார்ப்பு, ஹீட் ட்ரீட்மென்ட், துல்லியமான கிரைண்டிங் எல்லாம் இல்லாமல் அங்கே கை வைத்தால் எஞ்சின் உடையும். காற்று இழுக்கும் பக்கம் அப்படியில்லை. எஞ்சின் எவ்வளவு வேகமாக உறிஞ்சினாலும் அங்கே வெளிக்காற்றின் அழுத்தத்துக்குமேல் எந்தச் சுமையும் விழாது. சூடும் கையால் தொடக்கூடிய அளவை ஒட்டித்தான். அதனால்தான் தோல் தாங்கியது. பித்தளை, அலுமினியம், ரப்பர், வார்னிஷ் அடித்த மரம்கூடத் தாங்கும். பணமும் பெரிய மெஷினும் இல்லாத ஒருவர் எஞ்சினுக்குள் நுழைந்து அதன் குணத்தையே மாற்ற முடிகிற வாசல் இது ஒன்றுதான். வீட்டுக் கொல்லையில் லேத் போட்டிருக்கிறவர்கள் உலகம் முழுக்க இன்லெட் பாகங்களிலேயே ஏன் கை வைக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஸ்கின்னர் 1905-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், அடுத்த ஆண்டு கிடைத்தது. தம்பி தாமஸ் கார்லைல் ஸ்கின்னர் செருப்பு வியாபாரத்தில் தன் பங்கை விற்றுவிட்டு கார்பரேட்டர் தொழிலுக்கு வந்தார். 1910-இல் கம்பெனி. எஸ்.யூ. என்றால் ஸ்கின்னர் யூனியன். முதல் உலகப் போருக்குப் பிறகு தொழில் தள்ளாடியது. 1926-இல் மோரிஸ் கார்களின் சொந்தக்காரர் வில்லியம் மோரிஸ் அதை விலைக்கு வாங்கினார். காலப்போக்கில் தோல் துருத்தி போய்ப் பித்தளைப் பிஸ்டன் வந்தது. அதுவரை தோலிலேயே ஓடியிருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்திலும் இதற்குச் சமமான ஒரு காலம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் தமிழ்நாட்டு பஸ்கள் கரியில் ஓடின. பஸ்ஸின் பின்பக்கம் ஆளுயர இரும்பு உருளை, அதற்குள் கரி நெருப்பு. காற்றைக் குறைத்து எரித்தால் கரி முழுக்கச் சாம்பலாகாமல் கார்பன் மோனாக்சைடு வாயுவைக் கொடுக்கும். அதைக் குளிர்வித்து, தூசி வடித்து, எஞ்சின் உறிஞ்ச விடுவார்கள். மதுரை டி.வி. சுந்தரம் அய்யங்காரின் கம்பெனியே டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற கருவியைச் செய்து விற்றது. கிளீனர் பின்னால் நின்று ஊதுவிசிறியைச் சுற்றி நெருப்பைக் கிளப்ப வேண்டும், அப்புறம்தான் வண்டி கிளம்பும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதையை அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அந்த பஸ்களில் எஞ்சின் அப்படியே இருந்தது. பிஸ்டனோ கிராங்கோ மாறவில்லை. மாறியது காற்று இழுக்கும் வழி மட்டும். பெட்ரோல் ஆவிக்கு அதைப்போல ஐம்பது பங்கு அளவு காற்று வேண்டும், கரி வாயுவுக்கோ ஏறக்குறையச் சமபங்கு காற்றே போதும். எனவே கார்பரேட்டரின் சின்னத் துளை உதவாது. வாயுவுக்கு ஒரு வழி, காற்றுக்கு ஒரு வழி, இரண்டையும் சேர்க்க ஒரு முக்கூட்டுக் குழாய், கூட்டிக் குறைக்கத் தட்டு வால்வு என்று புதிதாக மாட்டினார்கள். இரும்புக் குழாயையும் தகட்டையும் வைத்துப் பட்டறையில் செய்துவிடக்கூடிய பாகங்கள். எரிபொருளே மாறியபோதும் எஞ்சினைக் காப்பாற்றியது அந்த இன்லெட் முனையில் நடந்த தகட்டு வேலையும் லேத் வேலையும்தான்.

அதே போரின்போது இங்கிலாந்தில் ஒரு பெண் செய்த காரியத்தை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. பியாட்ரிஸ் ஷில்லிங், 1909-இல் பிறந்தவர். 14 வயதிலேயே சொந்த மோட்டார் சைக்கிள் வைத்துக் கழற்றிப் பூட்டியவர். மான்செஸ்டரில் பொறியியல் படித்து, தானே ட்யூன் செய்த நார்ட்டனை 1934-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மணிக்கு 106 மைல் வேகத்தில் ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கினார். 1936-இல் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

1940-இல் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்களுக்கு ஒரு விநோத நோய். ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின், அதில் எஸ்.யூ. கம்பெனியின் கார்பரேட்டர். இது பழைய துருத்தி வகை இல்லை, ஆனால் மிதவைத் தொட்டி உண்டு. எதிரி விமானத்தைத் துரத்தி மூக்கைச் சட்டெனக் கீழே குத்தினால் தொட்டியில் இருக்கும் பெட்ரோல் மேலே எழும்பி எஞ்சின் ஒரு நொடி திக்கும். அடுத்த நொடி மிதவை தடுமாறி பம்ப் அனுப்பும் பெட்ரோல் எல்லாம் உள்ளே கொட்டி எஞ்சின் மூழ்கும். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட்டில் பெட்ரோலை நேராகப் பீச்சும் இன்ஜெக்ஷன் இருந்ததால் ஜெர்மன் விமானி குத்திட்டுத் தப்பிவிடுவான். புது கார்பரேட்டர் வடிவமைத்துத் தயாரிக்கக் காலம் இல்லை.

ஷில்லிங் செய்தது நடுவில் துளையிட்ட ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. முழு வேகத்தில் எஞ்சினுக்கு அதிகபட்சம் எவ்வளவு பெட்ரோல் தேவையோ, அந்தத் துளை அதற்கு மேல் ஒரு சொட்டும் விடாது. குத்திட்டாலும் வெள்ளமாகக் கொட்டாது. 1941 தொடக்கத்தில் அவரும் சிறு குழுவும் விமானத் தளம் தளமாகப் போய் அதை மாட்டினார்கள். விமானத்தைக் கழற்றாமலே பெட்ரோல் வரும் வழியில் செருகிவிடலாம். முழுத் தீர்வு இல்லைதான். பிரஷர் கார்பரேட்டர் வரும்வரை வண்டியை ஓட்டியது அந்தத் துண்டுதான். ஒரு நல்ல டர்னர் டீ ஆறுவதற்குள் அதைக் கடைந்துவிடுவார். துளை எத்தனை அளவு என்று கணக்குப் போட்டதில் இருந்தது ஷில்லிங்கின் பதினேழு வருட மோட்டார் சைக்கிள் அனுபவம்.

திரும்ப ஸ்கின்னரின் கார்பரேட்டருக்கு வருவோம். அதை வாங்கிய மோரிஸின் ஆக்ஸ்ஃபோர்டு கார்தான் வங்காளத்தில் உத்தர்பாராவில் அம்பாசிடராகப் பிறந்தது. 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் எஸ்.யூ. உட்கார்ந்திருக்கும். பானெட்டைத் தூக்கினால் கவிழ்த்து வைத்த செம்பு மாதிரி ஒன்று பளிச்சென்று தெரியுமே, அந்தச் செம்புக்குள்தான் துருத்திக்குப் பதில் வந்த பிஸ்டன் ஏறி இறங்கும். உச்சியில் இருக்கும் மூடியைத் திருகி இழுத்தால் ஒரு கம்பி வரும். உள்ளே மெல்லிய எண்ணெய். பிஸ்டன் பதறி எழாமல் நிதானமாக எழுவதற்கு அந்த எண்ணெய். அது வற்றினால் ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு நொடி திக்கி அப்புறம் கிளம்பும். பழைய டிரைவர்கள் ஏர் ஃபில்டரைக் கழற்றி, விரலால் பிஸ்டனைத் தூக்கி விட்டுப் பார்ப்பார்கள். 'டக்' என்று விழுந்தால் சரி. இழுத்துக்கொண்டு நின்றால் செம்பைக் கழற்றித் துடைக்க வேண்டும். எந்தக் கருவியும் வேண்டாம், காதும் விரலும் போதும்.

அம்பாசிடர் போன பிறகும் ஸ்கின்னரின் யோசனை போகவில்லை. பல்சரிலும், யூ.சி.இ. எஞ்சின் வந்த பிறகான புல்லட்டிலும் இருந்த கார்பரேட்டர் அதே வம்சம். பிஸ்டனைச் சுற்றிப் பித்தளைக்குப் பதில் மெல்லிய கறுப்பு ரப்பர், மெக்கானிக்குகள் டயஃப்ரம் என்பார்கள். தோல் போய்ப் பித்தளை வந்து, பித்தளை போய் மறுபடியும் மடங்கி விரியும் ஒரு சவ்வுக்கே வந்து சேர்ந்தது. வண்டி 60-க்கு மேல் போக மாட்டேன் என்கிறதா, டயஃப்ரத்தை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அதுதான் நோய்.

எஞ்சின் மூச்சிழுக்கும் இதே வழியில் கை வைப்பதை நான் நேரில் பார்த்தது கள்ளக்குறிச்சியில். அங்குள்ள லேத் பட்டறைகளுக்குக் கரும்பும் கிணறும் சோறு போடுகின்றன. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் டிப்பர்கள், போர் மோட்டார் ஷாஃப்டுகள், அரிசி ஆலைப் புல்லிகள் என்று வேலை வந்துகொண்டே இருக்கும். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு ஒற்றை லேத் வைத்திருக்கும் ஒரு டர்னரிடம் பழைய புல்லட்டோடு வந்த ஓர் இளைஞரைப் பார்த்தேன். 28 மில்லிமீட்டர் கார்பரேட்டர் வாங்கியிருந்தார், பழையதைவிடப் பெரியது. ஹெட்டின் துளை சிறியது. நடுவில் ஒரு குழாய் வேண்டும்.

"நேராக ஒரு பைப் கடைஞ்சு குடுத்துடுங்கண்ணே."

"நேரா குடுத்தா உள்ள படி நிக்கும் தம்பி. காத்து படியில முட்டித் திரும்பும். சரிவா எடுக்கணும்."

அலுமினியத் துண்டைச் சக்கில் பிடித்து முகத்தைச் சீவினார். டிரில் விட்டு, போரிங் டூலை மாட்டி, காம்பவுண்ட் ஸ்லைடை இம்மியளவு சாய்த்து வைத்தார். மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டுத் தொட்டு வைத்தபடி மெதுவாக உள்ளே நகர்த்தினார். அலுமினியம் டூல் முனையில் அப்பிக்கொள்ளும், மண்ணெண்ணெய் இல்லாவிட்டால் உள்சுவர் கீறல் கீறலாக வரும். ஒரு முனை 28, மறுமுனை ஹெட் துளையின் அளவு. உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்தார். கண்ணாடி போல மினுக்கவில்லை. பிறகு பேக்கிங்கை வைத்துப் பார்த்து, துளைக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தைப் பிளேடால் நறுக்கினார். எத்தனையோ பேர் ஆயிரக்கணக்கில் செலவு செய்து கார்பரேட்டர் மாற்றிவிட்டு, இந்த ஒரு மில்லிமீட்டர் பேக்கிங் ஓரத்தில் பலனைக் கோட்டைவிடுகிறார்கள்.

குழாயை எவ்வளவு நீளம் வைப்பது என்ற கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. இன்லெட் வால்வு மூடும்போது குழாயில் ஓடிவந்த காற்று முட்டி, அழுத்த அலையாகத் திரும்பிப் போய், குழாயின் வாயில் பட்டு மறுபடி வரும். வால்வு அடுத்து திறக்கும் நேரத்தில் அந்த அலை வந்து சேர்ந்தால் கூடுதல் காற்று உள்ளே போகும். நீளக் குழாயில் அலை திரும்ப நேரம் அதிகம், அதனால் குறைந்த வேகத்தில் இழுவை நன்றாக இருக்கும். குட்டைக் குழாய் உச்ச வேகத்துக்கு. இளைஞருடைய ஊர் கல்வராயன் மலைப் பக்கம், கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் இழுக்க வேண்டும். குழாய் நீளமாகவே போனது.

காற்று நுழையும் வாயின் விளிம்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கூரான விளிம்புள்ள குழாயில் நுழைகிற காற்று ஓரத்தில் பிய்ந்து சுழலும். விளிம்பை நன்றாக உருட்டி விரித்துவிட்டால் நுழைவிழப்பு பத்தில் ஒரு பங்காகிவிடும். பந்தய வண்டிகளில் நாதஸ்வர அணசு போல விரிந்த குழல்கள் வரிசையாக நிற்பது இதற்காகத்தான். அதைப் பார்த்துவிட்டு நம் பையன்கள் ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டுத் திறந்த குழலோடு ஓட்டுவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கரும்பு லாரி கிளப்பும் செம்மண் தூசியும் அரிசி ஆலைத் தவிட்டுத் தூசியும் உள்ள ஊர் இது. சிலிண்டர் சுவரில் அது உப்புத்தாள் வேலை செய்யும், ரிங் தேய்ந்து ஆயில் புகை வரும். அணசு வேண்டுமானால் ஃபில்டர் டப்பாவுக்குள் வைக்க வேண்டும். அதற்கு இடம் இல்லையென்றால் அணசு வேண்டாம்.

வார்ப்பு இன்லெட் வேலை நம் பக்கத்தில் வளரவில்லை என்பதில் எனக்கு ஒரு குறை உண்டு. வளைந்து கிளை பிரியும் மேனிஃபோல்டை லேத்தில் கடைய முடியாது, மரத்தில் அச்சு செதுக்கி மணலில் வார்க்க வேண்டும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாமி முகத்தின் வளைவை அளவுகோல் வைக்காமல் செதுக்குகிற கைகள் அவை. ஒரு மேனிஃபோல்டின் உள்வளைவு அந்தக் கைகளுக்குப் பெரிய காரியமே இல்லை. சிற்பியையும் டர்னரையும் யாராவது ஒரு மேசையில் உட்கார வைக்க வேண்டும்.

புல்லட்டில் குழாயை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் டர்னர் இணைப்பைச் சுற்றி இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். ஏர் பிடித்தால் எண்ணெயை உள்ளே உறிஞ்சும், ஐட்லிங் மாறும். மாறவில்லை. "மலைக்கு ஏத்திப் பாத்துட்டு வா, பிளக்கைக் கழட்டாம வா" என்று அனுப்பினார். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாக ஏறிக் கரியாலூர் போய்த் திரும்ப அரை நாள். 900 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட எட்டு சதவீதத்துக்கு மேல் குறைவு. ஜெட் என்கிற துளை விடும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது, கலவை கெட்டியாகும். மாலையில் பிளக்கைக் கழற்றியபோது முனையில் செங்கல் நிறத்துக்குப் பதில் கறுப்பு படிந்திருந்தது. டர்னர் ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றிப் போட்டார், ஊசி ஒரு காடி கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். இளைஞர் மலையிலேயே ஓட்டப் போகிறவர் என்பதால் அது அப்படியே இருக்கலாம். சமவெளிக்கு வந்து நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டுவதாக இருந்தால் கிளிப் பழைய காடிக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் எஞ்சின் சூடேறும்.